ஈர் எடுக்கும் நேரம்

"கத்தரிக்கோலைக் கீழ வைங்க."

"ஒட்ட வெட்டிட்டா அஞ்சு நிமிஷ வேலை, இதுக்குப் போய் நீ..."

"கீழ வைங்கன்னு சொன்னேன்!"

"...ஒரு மாசமா தியான வகுப்புக்கு மட்டம் போட்டுட்டு இருக்க!"

அம்மாவுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்திருந்த ஏழு வயது மகள் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். இடுப்புவரை முடி. பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பேன். அப்பா தையல்காரர், அவர் கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல்.

"வேண்டாம்ப்பா."

"திரும்ப வளரும்டா கண்ணு."

"வளர்ற வரைக்கும் பள்ளிக்கூடத்துல யாரு போய் நிக்கிறது, நீங்களா?" அம்மா எண்ணெய் தடவிய முடியை விரலகலம் பிரித்து, பேன் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்தாள். சீப்பில் சிக்காத ஈரை நகங்களுக்கிடையில் பிடித்து உருவினாள். "ஒரு தையல் பிரிஞ்சா சட்டையவே வெட்டிப் போடுவீங்களா?"

"பேச்சை மாத்தாத. தியான வாத்தியார் கேக்குறாரு, உன் வீட்டுக்காரிக்கு ஆன்மிகத்துல நாட்டமே இல்லையான்னு."

"இருக்குன்னு சொல்லுங்க. வீட்டுலயே உட்கார்ந்துக்கறான்னு சொல்லுங்க."

"பேன் பாக்கறது தியானமா?"

"அங்க உட்கார்ந்தா, அடுப்புல வெச்சது, ஊற வெச்சதுன்னு என் மனசு ஊர் சுத்தும். இந்தத் தலைக்கு முன்னால உட்கார்ந்தா எங்கயும் போகாது. போனா ஒரு ஈர் தப்பிடும். எனக்குச் சாமி இங்கதான் வருது. வாத்தியாருக்குப் பிடிக்கலைன்னா என் பேரை அடிச்சிடட்டும்."

"பேன்லயா சாமி!" சிரித்தவர் காதுக்குப் பின்னால் சொறிந்தார். வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவரும் தோள்வரை முடி வளர்த்திருந்தார்.

"அம்மா, காலைல கண்ணை மூடி உட்கார்ந்தப்பவும் அப்பா சொறிஞ்சிட்டே இருந்தாரு."

"நீ சும்மா இரு." கை மறுபடியும் அங்கேயே போனது.

அம்மா எழுந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் தலையைச் சாய்த்து, முடியை விலக்கிப் பார்த்தாள். காதோரம் வரிசையாக ஈர். கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அப்பாவுக்கும் ஒட்ட வெட்டிடலாமாம்மா?"

அவருடைய இரண்டு கைகளும் சட்டென்று தலைக்குப் போயின.

அம்மா கத்தரிக்கோலைத் தையல் மெஷின் இழுப்பறையில் போட்டு மூடினாள். மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து முடியைப் பிரித்தாள்.

"இவளுக்கு முடிச்சதும் உங்களுக்குப் பாக்கறேன். பக்கத்துல வந்து உட்காருங்க. கண்ணை மூட வேண்டாம்."