மறுபடி வரவைத்துக் காட்டு

அலுவலகத்தில் அவனுக்கு நொட்டை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை மற்ற எல்லோருக்கும் அவன் நொட்டை. கோபித்துக்கொள்ள முடியுமா? செய்கிற வேலை அப்படி. அடுத்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய மென்பொருளை உட்கார்ந்து நோண்டி, இது கோணல், அது சொத்தை என்று சொல்வதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு குறை கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் குறை சொல்வது ஒன்றும் லேசுப்பட்ட காரியமில்லை. என் கண்ணால் பார்த்தேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் அங்கே செல்லுபடியாகாது. எதிர் மேசை டெவலப்பர் காதிலிருக்கும் ஹெட்போனைக்கூடக் கழற்ற மாட்டான். "மறுபடி வரவெச்சுக் காட்டு, சரி பண்றேன்" என்பான், அவ்வளவுதான். வரவைத்துக் காட்டினால் அது பிழை. காட்ட முடியாவிட்டால் அது புரளி. நொட்டை இதில் கெட்டிக்காரன். ஒரே ஒரு தடவை தலைகாட்டிவிட்டு ஒளிந்துகொண்ட பிழையை, எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தானை அமுக்கினால் வெளியே வரும் என்று மோப்பம் பிடித்து, காதைத் திருகி இழுத்துவந்து டெவலப்பர் முன்னால் நிறுத்திவிடுவான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு வீட்டிலேயே ஒன்று வந்து வாய்த்தது.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் கூப்பிடுவது சிட்டு என்று. ஓடிக்கொண்டிருப்பாள், திடீரென்று நிற்பாள், கண் மேலே செருகும், கொடியிலிருந்து நழுவின துணி மாதிரி அப்படியே சரிந்துவிடுவாள். உதடு நீலம் பாய்ந்துவிடும். பெற்றவர்களுக்கு உயிர் போய் உயிர் வருவதற்குள் கண்ணைத் திறந்து, எதுவுமே நடக்காதது போல எழுந்து உட்காருவாள். விழுந்தது அவளுக்கு ஞாபகமே இருக்காது.

முதல் இரண்டு முறை அவன் வீட்டில் இல்லை. மனைவி போனில் கதறியபோது இந்த மனிதன் கேட்டதைக் கேளுங்கள். "விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தா? சாப்பிட்டிருந்தாளா? மறுபடி ஓடவிட்டுப் பார்த்தியா?"

"நான் என்ன உங்க ஆபீஸ்ல வேலை பார்க்கறவளா? பொண்ணு விழுந்துட்டாங்கறேன், கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கறீங்க!" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் முறை அவன் கண்ணெதிரிலேயே, மாடிப்படியின் கடைசிப் படியில் விழுந்தாள். அன்றைக்கு அவனுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாய்க்கு வந்ததை உளறினான்.

இதய டாக்டரம்மா நல்லவர்தான். ஆனால் களைத்துப்போனவர், வெளியே பெஞ்சு நிறைய ஜனம். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றார். "விழற நேரத்துல இதயம் என்ன பண்ணுதுன்னு பதிவாகணும் சார். அது தெரியாம சின்னக் குழந்தைக்கு எப்படி மருந்து குடுக்கறது?"

நொட்டைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிறத்தியாரிடம் ஆயிரம் தடவை கேட்ட பேச்சு, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தது.

டெக்னீஷியன் சிட்டுவின் மார்பில் ஒயர்களை ஒட்டி, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்றை இடுப்புப் பட்டையில் மாட்டினார். "நாள் முழுக்க இதயத் துடிப்பை இது பதிவு பண்ணிக்கிட்டே இருக்கும். பாப்பா விழுந்தா உடனே இந்த பட்டனை அமுக்குங்க, அந்த நேரத்தைக் குறிச்சுக்கும். நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடணும்."

"வரலைன்னா? இன்னும் ரெண்டு நாள் வெச்சுக்கலாமா?"

"ஐயோ சார், இதுக்கே மாசக்கணக்கா வரிசை. அடுத்தவங்க காத்திருக்காங்க."

மறுநாள் அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டான். சிட்டுவோ குத்துக்கல்லாட்டம் இருந்தாள். வரைந்தாள், பாடினாள், சோபாவில் குதித்தாள். நேரம் போகப் போக மனைவியின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "பார்த்தீங்களா, நேத்துலேருந்து ஒண்ணுமே இல்ல. தானா சரியாயிடுச்சோ என்னமோ" என்றாள். அவன் தலையை ஆட்டினான். அவள் வேண்டிக்கொண்டிருந்தது வரக்கூடாது என்று. அவன் வேண்டிக்கொண்டிருந்தது, வந்துவிடு, இன்றைக்கே வந்துவிடு, கருவி இருக்கும்போதே வந்துவிடு என்று. பெற்ற அப்பன் வேண்டுகிற வேண்டுதலா இது? அவனுக்கே நாக்கு கூசியது.

மத்தியானத்துக்குமேல் டெவலப்பர் போன் செய்தான். "கடைக்காரங்க ஆப்ல ஆர்டர் காணாமப் போகுதுன்னு ஒண்ணு எழுதி வெச்சிருக்கியே, நானும் எப்படி எப்படியோ பார்த்துட்டேன், வரல. அந்தப் புகாரை மூடிடட்டுமா?"

"மூடாதே. அது இருக்கு. நான் பார்த்தேன்."

"எப்ப வரும்னு சொல்லேன்."

"தெரியாதுப்பா. ஆனா இருக்கு."

"ஏன் நொட்டை, நீயே இப்படிப் பேசலாமா?" என்று அவன் சிரித்தான். நொட்டைக்குச் சண்டை போடத் தெம்பில்லை. மூடிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். வைத்த கையோடு, "சிட்டு, வாடா, படியில ஓடிப் பிடிக்கலாம்" என்று எழுந்தான்.

அவனுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதானே! எப்போதெல்லாம் விழுந்தாள் என்று யோசித்தான். இரண்டு தடவை ஓடும்போது, ஒரு தடவை படியில். அதில் ஒன்று, யாரோ கதவைப் படாரென்று சாத்தியபோது. சாயங்காலப் பாலைத் தள்ளிப்போட்டான். மூச்சு வாங்கும் வரை படியில் ஏற்றி இறக்கினான். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துக் கதவை ஓங்கிச் சாத்தினான். சிட்டு திடுக்கிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கலகலவென்று சிரித்தாள். அப்பா இப்படி விளையாடி அவள் பார்த்ததே இல்லை.

இரண்டாம் முறை கதவு சாத்தியபோது மனைவி வெளியே வந்தாள். அவன் கை அந்தப் பட்டனின் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்தாள். பிள்ளையின் வியர்த்த முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"அடப்பாவி மனுஷா! பிள்ளையைக் கிள்ளி விட்டுட்டுத் தொட்டிலை ஆட்டப் பார்க்கறீங்களா?"

"கத்தாதே. சாயங்காலம் இதைக் கழட்டிடுவாங்க. அப்புறம் ஸ்கூல்ல விழுவா, ரோட்டுல விழுவா. அப்ப என்ன பண்ணுவே? ஒரே ஒரு தடவை இப்ப விழுந்துட்டா போதும், மருந்து குடுத்துடுவாங்க. ஒரே ஒரு தடவை!"

"விழுந்து எழுந்திருக்கலைன்னா?"

அவன் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். அவள் உள்ளே போய், கட்டிலில் கிடந்த மெத்தையை இழுத்துவந்து படிக்குக் கீழே போட்டாள். "நான் இங்க நின்னு பிடிச்சுக்கறேன். ஓடவிடுங்க" என்றாள். அவள் குரல் அவளுடையதாகவே இல்லை.

சிட்டு மேல்படியில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பின் ரொம்ப நேரம் ஆகவில்லை. ஓடி வந்தவள் நின்றாள், கண்ணை மேலே செருகினாள், மெத்தைமேல் சரிந்தாள். "வந்துடுச்சு!" என்று அவன் கத்தியே விட்டான். சந்தோஷக் கூச்சல், அக்கம்பக்கத்தில் கேட்டிருந்தால் பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பட்டனை அமுக்கினான், இன்னொரு தடவையும் அமுக்கினான். சிட்டு கண்ணைத் திறந்ததும் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "இன்னிக்குச் சீக்கிரம் முழிச்சுட்டாளே" என்று மனைவி மட்டும் முணுமுணுத்தாள். ஒரு எழுத்து இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடும் அந்தக் கண், பிள்ளையின் உதடு சிவப்பாகவே இருந்ததைப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை என்பதுதான் சரி.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்க பட்டன் அமுக்கின நேரம் இது. இதயம் எவ்வளவு அழகா ஓடியிருக்கு பாருங்க. ஓடினதால கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். விழுந்தப்பவும் இதயம் நல்லா இருக்குன்னா, விழறதுக்குக் காரணம் இதயம் இல்ல சார்." பிறகு சிட்டுவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "எப்படிம்மா விழுந்தே?" என்று கேட்டார்.

"மெதுவா, அடிபடாம" என்றாள் சிட்டு பெருமையாக. "அப்பா ஒரே ஒரு தடவை விழுந்தா போதும்னாங்க. அம்மா மெத்தை போட்டாங்க."

டாக்டரம்மா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதுக்கு முன்னாடி விழுந்ததெல்லாம்?"

சிட்டு யோசித்தாள். இல்லாத ஞாபகத்துக்கு அவள் எங்கே போவாள்? "தெரியல" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"டாக்டர், அது வேற, இது வேற. அதெல்லாம் நெஜம். என் கண்ணால பார்த்தேன், உதடெல்லாம் நீலமாயிடுச்சு" என்று மனைவி எழுந்தேவிட்டாள்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலைம்மா. ஆனா எங்கிட்ட இருக்கறது இந்தப் பதிவு ஒண்ணுதான்."

என்ன பார்க்க ஆசைப்படுகிறாய் என்பதைச் சோதனைக்கு உட்கார்ந்தவரிடம் மூச்சு விடாதே என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களைக் காய்ச்சி எடுக்கிறவன் நொட்டை. மகள் காதில் விழும்படி அவனே அதைச் சொல்லித் தொலைத்திருந்தான். இன்னொரு தடவை அந்தக் கருவி கிடைக்குமா என்று கேட்டான். குரல் பிச்சை கேட்பதுபோல் இருந்தது. நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் வரிசையில் இருக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. "இந்த வயசுல கவனத்துக்காக இப்படிப் பண்ணுவாங்க. விழுந்தா ஓடிப்போய்த் தூக்காதீங்க. கண்டுக்காம விட்டா தானா நின்னுடும்."

சொன்னபடி கேட்டார்கள். வேறு என்ன செய்வது? படித்தவர் சொல்கிறார், பதிவு சொல்கிறது, பிள்ளையே சொல்லிவிட்டாள். சிட்டுவும் அந்த வாரம் இரண்டு மூன்று தடவை விளையாட்டாக விழுந்து காட்டினாள். மெத்தை போட்ட அந்தச் சாயங்காலம் மறுபடி வேண்டும் அவளுக்கு. ஓரக்கண்ணைத் திறந்து பார்ப்பாள். யாரும் திரும்பாவிட்டால் முகம் தொங்கிப்போய் எழுந்து போவாள். மனைவி அடுக்களையில் போய் அழுதுவிட்டு வருவாள். அப்படியானால் மற்றவையும் நடிப்புதானோ என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவனுக்குத் தோன்றியும்விட்டது.

ஒரு காலை மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கூடத்தில் தொப்பென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு காலில் மட்டும் ஷூவோடு, முதுகைக் காட்டிக்கொண்டு சிட்டு கிடந்தாள்.

"எழுந்திரு சிட்டு. பஸ் வந்துடும்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் சொன்னதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலரை நீவினான். கைமடிப்பை நீவினான். இப்போது சிரித்துவிடுவாள் என்று காத்திருந்தான். மற்றக் கையையும் நீவினான். சிரிப்புச் சத்தம் வரவில்லை.

இஸ்திரிப் பெட்டியைப் போட்டது போட்டபடி ஓடினான். புரட்டிப் போட்டான். உதடு நீலமாக இருந்தது. "சிட்டு, அப்பா பார்த்துட்டேன்டா, அப்பா பார்த்துட்டேன், எழுந்திருடா" என்று கன்னத்தைத் தட்டினான், உலுக்கினான், ஐயோ அம்மா என்று அலறினான். எவ்வளவு நேரம் போயிற்றோ, அவனுக்குத் தெரியாது. கடைசியில் அவள் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போட்டது. மூச்சு வந்தது. கண் திறந்தது.

தான் தரையில் கிடப்பதையும் அப்பாவின் முகம் போன போக்கையும் பார்த்ததும் பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது. வாய் கோணியது.

"நான் பண்ணலப்பா. சத்தியமா, இப்ப நான் பண்ணல."

"தெரியும்டா கண்ணு. அப்பாவுக்குத் தெரியும்" என்று அவளை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அதைப் போய் யாரிடம் சொல்லி நம்பவைப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.