மழைப் பக்கத்து நான்கு ஜன்னல்கள்

வட்டவளையில் வீடு கட்டுகிறவன் முதலில் மழையைத்தான் யோசிக்க வேண்டும். ஜீவராஜ் யோசித்தது ரோட்டை. ஹட்டன் பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று, மழை வந்து அறைகிற மேற்குப் பக்கத்திலேயே நான்கு பெரிய ஜன்னல்களை வைத்தான். தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஒரே ஒரு கதவோடு இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் வளர்ந்தவனுக்கு ஜன்னல் மேல் ஆசை வந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆசை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

ஜன்னல்களும் லேசுப்பட்டவை அல்ல. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பழைய துரை பங்களா ஒன்றை உடைத்தபோது வாங்கி வந்த தேக்கு ஜன்னல்கள். ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட் உரிந்து சொறி பிடித்திருந்தது. மறு பக்கம் மெருகு குலையாமல், ஓரமெல்லாம் கொடியும் பூவுமாகச் செதுக்கியிருந்தது. தேயிலை ஃபாக்டரியில் மெஷின் ஃபிட்டராக இருக்கிற ஜீவராஜுக்குத் தன் கை மேல் அசாத்திய நம்பிக்கை. பூவேலை ரோட்டுக்குத் தெரிகிற மாதிரி தானே நிலைகளை நிறுத்தினான், கொண்டிகளை மட்டும் கழற்றி உள்ளே மாற்றினான், தானே பூசி முடித்தான். அதெல்லாம் நடந்து ஒன்பது வருடமாகிறது.

இப்போது அந்த வீட்டை விற்க வேண்டும். மனைவி சுதர்ஷினி தாதி. பதுளை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போய் இரண்டு வருடம். மகள் தனுஜாவும் அம்மாவோடு அங்கே ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ரயிலேறி வருவார்கள், ஞாயிறு மத்தியானம் போய்விடுவார்கள். போன தடவை தனுஜா வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன்ப்பா, சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று சொன்னாள். பெற்ற மகள் விருந்தாளி மாதிரி பேசியது ஜீவராஜின் நெஞ்சில் தைத்துவிட்டது. இந்த வீடு கைமாறினால்தான் பதுளையில் பாதி கட்டிய ஒரு வீடாவது வாங்கலாம், அப்போதுதான் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். அந்தப் பக்கத்து ஃபாக்டரி ஒன்றில் வேலைக்குக் கூடச் சொல்லி வைத்துவிட்டான்.

குறுக்கே நின்றவை அந்த ஜன்னல்கள்தான். ஜூன் பிறந்துவிட்டால் நான்கிலும் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கும். போன ஜூலையில் வீடு பார்க்க வந்த ஒரு வாத்தியார், ஜன்னலடியில் சுருட்டி வைத்த துணிகளையும் ஊறிப்போன சுவரையும் பார்த்துவிட்டு, ஊற்றிய டீயைக் கூடக் குடிக்காமல் போனார்.

ஜனவரியில் ஜீவராஜ் ஹட்டனிலிருந்து தச்சர் செல்லசாமி பாஸைக் கூட்டி வந்தான். மரவேலையில் பழுத்த மனிதர். அவர் ஜன்னல்களைத் திறந்து மூடினார், அடிக்கட்டையை விரலால் தடவினார், அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தார். தண்ணீர் மரியாதையாக வீட்டுக்குள் வந்தது.

"ஜன்னல்ல ஒரு குத்தமும் இல்ல தம்பி. நீங்கதான் திருப்பி மாட்டியிருக்கீங்க. உள்பக்கம் வெளிய இருக்கு."

"பூவேலை இருக்கிற பக்கம்தானே பாஸ் வெளிப்பக்கம்?"

"அது துரை உள்ள உக்காந்து பாக்குற பக்கம். வெளியில நிக்கிறவனுக்கு யாரு பூவேலை செய்வா?"

ஜீவராஜுக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பங்களாவை அவன் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறான். அவனுடைய அப்பாவும் அப்படித்தான். அழகாக இருப்பது வெளியே நின்று பார்க்கிறவர்களுக்காகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டான். அடிக்கட்டையின் சரிவு, கதவு திறக்கும் திசை எல்லாமே தலைகீழாகி, மழையை வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தது. சரி செய்ய ஒரே வழி, நான்கு நிலைகளையும் பெயர்த்தெடுத்துத் திருப்பி வைப்பது. ஒரு மாத வேலை, அதுவும் ஊரே பார்க்கிற ரோட்டோரத்தில். ஒன்பது வருடமாக இந்த ஜன்னல்களைப் பற்றி அவன் அளந்ததைக் கேட்காதவர்கள் அந்த ரோட்டில் இல்லை. சுதர்ஷினியோ எல்லோரையும் விட அதிகம் கேட்டவள்.

"யோசிச்சுச் சொல்றேன் பாஸ்" என்று அவரை அனுப்பிவிட்டு, ஹட்டனுக்குப் போய் இடுக்கு அடைக்க இரண்டு டப்பா பட்டியும் நல்ல பெயின்டும் வாங்கி வந்தான்.

பெப்ரவரியில் வட்டவளை வெயிலில் சிரிக்கும். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கிற மஃறூப், மனைவி செரீபாவோடு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை வந்து இறங்கிய சுதர்ஷினி, பையைக் கூட வைக்காமல் புதுப் பெயின்டைப் பார்த்தாள். பட்டி அப்பியிருந்த இடத்தில் நகத்தை வைத்து அழுத்தினாள்.

"மழைக்கு இது நிக்குமாங்க?"

"அதுக்குள்ள வித்துடுவோமே. அப்புறம் நமக்கென்ன?"

"செரீபாவும் ஒரு பொம்பளதானே. இனிமே துணி பிழியப் போறது அவங்க."

"சும்மா இரு சுதா. தனுஜாவை நெனச்சுப் பாரு."

"அவளைத்தான் நெனக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் சமைக்கப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் ஜீவராஜ் சமாளித்திருப்பான்.

மறுநாள் மஃறூபுக்கு வீடு பிடித்துவிட்டது. செரீபாவுக்கு ஜன்னல்களே பிடித்துவிட்டன. "பங்களா மாதிரி இருக்கு" என்று பூவேலையைத் தடவினார். ஜீவராஜ் மனத்துக்குள் பதுளைக்கு ரயிலேறிவிட்டான். அந்த நேரம் பார்த்து சுதர்ஷினி, "எல்லாரும் கொஞ்சம் உள்ள வந்து நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். அடுத்துப் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே ரோட்டுப் பக்கத்தில் நின்றாள், கையில் நிறைந்த வாளி. ஜீவராஜ் வாயைத் திறப்பதற்குள் முதல் ஜன்னல் மேல் வீசி ஊற்றினாள். அடுத்த வாளி இரண்டாவது ஜன்னலுக்கு.

புதுப் பட்டி ஒரு வாளிக்குக் கூடத் தாங்கவில்லை. தண்ணீர் அடிக்கட்டையில் ஏறி, சுவரில் வழிந்து, செரீபாவின் செருப்பை நனைத்தது.

சுதர்ஷினி உள்ளே வந்தாள். அவளுடைய சேலையும் பாதி நனைந்திருந்தது. "மஃறூப் நானா, ஜூன் மாசம் இதைவிடப் பத்து மடங்கு வரும். தெரிஞ்சுக்கிட்டு வாங்குறதுன்னா வாங்குங்க."

கோபத்தில் ஜீவராஜின் காது சிவந்திருந்தது. ஆனால் அவளைப் பார்த்தான். இரண்டு வருடமாகப் பாதித் தூக்கத்தில் ரயிலேறி வருகிறவள், இந்த வீடு விற்காவிட்டால் இன்னும் எத்தனை வருடம் அப்படி வர வேண்டும் என்று தெரிந்தே வாளியைத் தூக்கியிருக்கிறாள். இந்த நெஞ்சுரம் தனக்கு வராது என்று அவனுக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. அவள் மேல் வந்த மரியாதையில் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஏன் இப்படி வருது?" என்று கேட்டார் மஃறூப்.

சுதர்ஷினி, "நாங்கதான் மாட்டும்போது—" என்று தொடங்கினாள்.

"நாங்க இல்ல" என்றான் ஜீவராஜ். "நான். உள்பக்கத்தை வெளிய வச்சு மாட்டிட்டேன். பாஸ் வந்து சொல்லித்தான் தெரியும். வெக்கத்துல அவகிட்டகூடச் சொல்லல."

சுதர்ஷினி ஈரத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "எனக்குத் தெரியுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எங்கம்மா அந்தப் பங்களாக் குசினியிலதானே சமையல் வேலை செஞ்சாங்க. சின்னதுல நான் உள்ள போயிருக்கேன். இந்தப் பூவையெல்லாம் விரலால தடவியிருக்கேன். நீங்க மாட்டி முடிச்ச அன்னைக்கே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம்னுதான் வெளிய வந்தேன். நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு, அரை மணித்தியாலம் வீட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

பதுளைக்குப் போகும் முன் ஏழு மழைக்காலம். ஒவ்வொன்றிலும் விடிவதற்கு முன் எழுந்து நான்கு ஜன்னலடியிலும் துணியை மாற்றி, பிழிந்து, அடுப்பு மேலே காயப்போட்டிருக்கிறாள். மாற்றலாகிப் போகும்போது கூட எந்தத் துணி எந்த ஜன்னலுக்கு என்று அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஜீவராஜால் தலை நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

மஃறூப் தொண்டையைச் செருமினார். செரீபா அவர் காதில் ஏதோ சொன்னார். "தம்பி, ஜன்னலைத் திருப்பி வைங்க" என்றார் மஃறூப். "மழை தொடங்கினதும் வந்து பார்க்கிறோம். ஒரு சொட்டு வரலன்னா வீடு எங்களுக்கு. அதுவரைக்கும் வேற வீடு பார்க்க மாட்டோம்."

ஃபாக்டரியில் லீவு போட்டுக்கொண்டு ஜீவராஜ் செல்லசாமி பாஸோடு இறங்கினான். பட்டப்பகலில், ஊர் பார்க்க, நான்கு நிலைகளையும் பெயர்த்தான். "என்னண்ணே, வீட்டையே திருப்புறீங்களா?" என்று பஸ் கண்டக்டர் தினமும் தொங்கிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனான். முதல் நாள் குனிந்துகொண்ட ஜீவராஜ், மூன்றாம் நாள், "தப்பா மாட்டிட்டேன்டா, இப்பதான் சரி பண்றேன்" என்று நிமிர்ந்தே சொன்னான். சொன்ன பிறகு உளி லேசாக இருந்தது.

மே கடைசிச் சனிக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மஃறூபும் செரீபாவும் குடையைக் கதவடியில் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு ஜன்னலாகச் சுவரைத் தடவிக்கொண்டு போனார்கள். ஜீவராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். முதலாவதில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. வெளியே பஸ்காரர்களுக்கு இப்போது வெறும் வெள்ளைப் பெயின்ட்தான் தெரியும். கொடியும் பூவும் வீட்டுக்குள் இருந்தன.

நான்காவது ஜன்னலடியில் சுதர்ஷினி நின்றாள், பழக்க தோஷத்தில் கையில் மடித்த துணியோடு. செரீபா அவளுக்குப் பக்கத்தில் குனிந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கையைக் கணவருக்கு விரித்துக் காட்டினார். காய்ந்த கை.

"சாவி எப்பத் தர்றீங்க தம்பி?" என்றார் மஃறூப்.

தனுஜா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்ப நீங்களும் எங்ககூடவே வர்றீங்களாப்பா?"

"வர்றேன்டா" என்றான் ஜீவராஜ். சுதர்ஷினியின் கையிலிருந்த துணியை வாங்கி, "இனி இது எதுக்கு, தூக்கிப் போட்டுடுவோம்" என்றான்.

அவள் அதைத் திரும்பப் பறித்துக்கொண்டாள். "வைங்க. பதுளையிலயும் ஜன்னல் நீங்கதானே மாட்டப் போறீங்க" என்று சொல்லி, துணியை மடித்துத் தன் ரயில் பைக்குள் வைத்தாள்.