காய்ச்சல் வந்தால் நிறுத்து

என் வீட்டுக்காரருக்கு லேசாக மூக்கடைத்தாலே தெருவுக்கே தெரிந்துவிடும். போர்வைக்குள் புகுந்துகொண்டு ரசம் கேட்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணுமில்ல சீத்தா, ஃபேன் வேகமா சுத்துது" என்றார்.

அவர் பெயர் சபாபதி. கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். பக்கத்திலேயே பண்டமாரானில் எங்கள் வீடு. போன வருஷம் அவர் உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. "பூக்குழி எறங்குன தழும்பு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டார். தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மெலனோமா என்றார்கள், தோலில் ஆரம்பிக்கிற புற்றுநோய். அதற்குள் நுரையீரலுக்கும் போய்விட்டிருந்தது.

கட்டியைச் சோதித்ததில் ஏதோ ஒரு மரபணு மாறியிருப்பது தெரிந்தது. அதைக் குறிவைத்துத் தாக்க இரண்டு விதமான மாத்திரைகள் இருக்கின்றனவாம். கண்ணையும் இருதயத்தையும் பரிசோதித்துவிட்டுக் கொடுத்தார்கள். எப்படிச் சாப்பிடுவது என்று விளக்கியவள் மிஸி வாணி. இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"வெறும் வயித்துல போடணும் அக்கா. வெயில்ல அலைய விடாதீங்க. முக்கியமா காய்ச்சல். நெறைய பேருக்கு வரும். முப்பத்தெட்டு காட்டினா ரெண்டு மாத்திரையையும் அப்பவே நிறுத்திட்டு எனக்கு கால் பண்ணுங்க. நாளைக்குப் பாக்கலாம்னு உக்காந்துராதீங்க லா."

மாத்திரை வேலை செய்தது. சில வாரங்களிலேயே கட்டி சுருங்க ஆரம்பித்துவிட்டது. தினமும் தடவிப் பார்த்து, "இப்ப கச்சான் கொட்ட அளவுதான்" என்று விரலால் வேர்க்கடலை அளவு காட்டுவார். நான் வேலை பார்க்கிற பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடையில் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று சந்தோஷத்தில் அழுதிருக்கிறேன்.

இப்போது அவர் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. சட்டைப் பொத்தானைக் கழற்றினால் நெஞ்செல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைத் தேடினால் வைத்த இடத்தில் இல்லை. நான் இழுப்பறைகளை உருட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய அக்கா தங்கமணி செமினியிலிருந்து மீன்குழம்போடு வந்து இறங்கினார். தம்பியின் நெஞ்சைப் பார்த்ததும் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா வந்திருக்கா. வேப்பிலை கொண்டா."

"அக்கா, மாத்திரைனால காய்ச்சல் வரும்னு மிஸி சொல்லியிருக்கு…"

"அம்மா ஒடம்புல எறங்கியிருக்கறப்ப மருந்து, ஆஸ்பத்திரின்னு பேசாத. மூணு தண்ணி ஊத்தணும். அது வரைக்கும் யாரும் வாசப்படி தாண்டக் கூடாது."

அக்கா எதைச் சொன்னாலும் குறுக்கே பேசுகிறவர் இவர். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா சொல்றதுதான் சரி. மிஸிக்குப் போன் போடாத சீத்தா" என்றார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயம். மாரியம்மனுக்கு வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவள் நான். அம்மாவாக இருந்து நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் குற்றமாகிவிடுமோ? அம்மா இல்லையென்றால் இந்த ஆள் என் கண்முன்னே போய்விடுவாரே? அக்கா கேட்டில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்.

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். விழுந்துவிடப் போகிறார் என்று பின்னாலேயே போனேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளங்கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர்.

"அம்மா வந்திருந்தா மருந்து ஆகாதுன்னு இப்பதான கும்பிட்டீங்க?"

கையை இறுக மூடிக்கொண்டார். நான் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். காய்ச்சலிலும் லோரிக்காரன் பிடி.

"குடுங்க."

"மாட்டேன்."

"எப்பலேருந்து காய்ச்சல்?"

"முந்தாநாள். பனடோல் போட்டுப் போட்டு அடக்கிட்டேன்."

தெர்மாமீட்டர் அவர் சட்டைப் பையில் இருந்தது. பிடுங்கி அக்குளில் வைத்தேன். முப்பத்தொன்பதைத் தாண்டியது. வேப்பிலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், யாரும் மிஸிக்குப் போன் பண்ணாமல் இருந்தால் போதும் என்றுதான் அக்காவுக்குத் தலையாட்டியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"சாகக் கூடாதுன்னுதான்டி!" என்று கத்தினார். "நீ மருந்து வாங்கப் போனப்ப டாக்டர்கிட்ட கேட்டேன். இது எவ்ளோ நாளைக்குக் கேக்கும்னு. ஆளுக்கு ஆள் மாறும், நெறைய பேருக்கு ஒரு வருஷம் போல அடங்கி இருக்கும், அப்புறம் வியாதி மருந்துக்குப் பழகிக்கும்னாரு. இருக்கறதே ஒரு வருஷம். அதுலயும் நிறுத்து நிறுத்துன்னா நான் எங்க போவேன்?"

எனக்கு இது தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் கண் செருகியது. கால் மடங்கி அப்படியே சரிந்தார். மாத்திரை தரையில் உருண்டது.

ஓடி வந்து தலையைத் தாங்கிப் பிடித்தது தங்கமணி அக்காதான். வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"மரம் மாதிரி நிக்கறியே! போன் பண்ணு சீத்தா! அம்மா கோச்சுக்கிட்டா என்கிட்ட கோச்சுக்கட்டும்."

மிஸி வாணி உடனே எடுத்தாள். "ரெண்டையும் நிறுத்துங்க. இப்பவே எமர்ஜென்சிக்குப் போங்க, மாத்திரை பெட்டிய எடுத்துட்டுப் போய் காட்டுங்க." கிள்ளான் ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் தரையில் கிடந்தது. ஊசி ஏற்றி, தண்ணீர் ஏற்றி, டெங்கியா, கிருமியா என்று ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரைக் காய்ச்சல்தான் என்று அவர்கள் சொல்கிறவரை நானும் அக்காவும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

மறுநாள் அவர் கண் திறந்து பேசியபோது மிஸி வாணியைப் போனில் பேசவைத்தேன். "காய்ச்சல் விட்டு ஒரு நாள் சும்மா இருந்தா மறுபடி ஆரம்பிக்கலாம் அங்கிள். கொஞ்சம் நிறுத்தறதனால மருந்து வீணாகாது. காய்ச்சல மறைச்சாதான் ஆபத்து." இவர் உம் உம் என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். கை மட்டும் போர்வைக்குள் போய்க் கட்டியைத் தடவிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாள் போச்சு" என்றார்.

"எங்க போச்சு? ரெண்டு நாளும் உயிரோடதான இருந்தீங்க? என் பக்கத்துலதான இருந்தீங்க? அது நாள் இல்லையா?" வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் விரலைப் பிடித்தார். பிறகு, "பயமா இருக்கு சீத்தா" என்றார். வியாதி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

"எனக்குந்தாங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டேன். சட்டம் பேச வந்த மலாய் மிஸி எங்களைப் பார்த்தாள். திரையை இழுத்துவிட்டுப் போனாள்.