அப்பா கேட்காமல் விட்டது

"அத்தைகிட்ட நானே கேக்கறேன். நீ அவசரப்படாத."

"எப்பப்பா?"

"அவ நல்ல மனசோட இருக்கறப்ப."

"அத்தை எந்த வருஷம் அப்படி இருந்தாங்க?"

அன்று வலையை உதறிக்கொண்டே அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். இன்று காலை அவரைப் புதைத்துவிட்டு வந்தாயிற்று. துக்கத்துக்குக் கட்டும் கிழிந்த பெரிய பாயை மார்புவரை சுற்றிக்கொண்டு, லெசியேலி கொல்லை அடுப்படியில் கழுவிய பானையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். டோங்காவில் சாவு வீடு என்றால் செத்தவரின் பிள்ளைகளுக்கு அடுப்படிதான். கூடத்தில் முதல் இடம் அப்பாவின் அக்காவுக்கு. எதற்கும் சீசிலியா அத்தை தலையசைக்க வேண்டும்.

கிழங்குக் கூடையை இறக்குவதுபோல் வில்லியாமி பக்கத்தில் குனிந்தான். கல்லூரியில் ஒரே வகுப்பு. வடக்குத் தீவில் அவனுக்கு வாத்தியார் வேலை கிடைத்திருந்தது, சாயங்காலம் கப்பல்.

"உங்கப்பா கேட்டாரா, இல்லையா?"

"தெரியல."

"பதில் இல்லாம நான் கப்பலேறினா, எங்கம்மா வேற வீட்டுக்குப் பொண்ணு கேட்டுப் பாய் கொண்டுபோயிடுவாங்க லெசி."

அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "எங்கடி அவ? தலையக் காட்டச் சொல்லு!"

அப்பா செத்த துக்கத்துக்கு மகளின் முடியை வெட்ட வேண்டியவள் அத்தைதான். லெசியேலி கூடத்துக்குப் போய் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். அத்தை கூந்தலைச் சேர்த்துப் பிடித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"போன மாசம் முழுக்க மீனத் தூக்கிட்டு வந்தான் உங்கப்பன். உக்காந்தான். மழையப் பத்திப் பேசினான், காத்தப் பத்திப் பேசினான், எழுந்து போயிட்டான். எங்க வீட்டுப் பூனை கொழுத்ததுதான் மிச்சம். என்னத்தக் கேக்க வந்தான்டி?"

அத்தை இருக்கும்போது வானொலியில் காதல் பாட்டு வந்தால்கூட அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அக்காவின் முன்னால் தம்பி எடுக்கக் கூடாத பேச்சு அது. அந்த வாயிடம்தான் லெசியேலி இதை ஒப்படைத்திருந்தாள். அவரும் மறுக்காமல், மீனோடு போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார்.

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. கொல்லையில் வில்லியாமி கிழங்கு சீவும் சத்தம் நின்றுபோனது.

"அவன்தான் வாயத் தொறக்கல. நீயுமா?"

"வில்லியாமிய எனக்குக் கட்டி வைங்க, அத்தை."

கத்தரிக்கோல் அசையவில்லை. திரும்பி அத்தையின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. கூந்தல் இன்னும் அத்தையின் பிடியில் இருந்தது.