இருமலை மறைக்கும் மெஷின்கள்

தெல்ஃபினா வேலைக்குத் திரும்பியபோது அவளுடைய தையல் மெஷின் அதே இடத்தில்தான் இருந்தது. தேநீர்க் கோப்பைதான் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. சிவப்பு நகப்பூச்சால் அதில் ஒரு கோடு வேறு. காசநோய்க்காரி வாய் வைத்ததாம். நல்ல வேடிக்கை! முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து தைக்கும் அறையில் ஒருத்தி விட்ட மூச்சைத்தான் அடுத்தவள் இழுக்கிறாள். அதற்குக் கோடு போட யாருக்கும் தோன்றவில்லை.

அறைக்கு ஒரு சன்னல் இருந்தது. இருந்து என்ன? அதன் முன்னால் கூரைவரை துணிக் கட்டுகள். லிமா நகரத்துக் குளிர்காலச் சாரல் உள்ளே வந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்று முதலாளி ஒடிலியா அடைத்து வைத்திருந்தாள். யாராவது இருமினால் இன்னொரு கட்டைக் கொண்டுவந்து இடுக்கில் திணிப்பார்கள். நோயாளி மேல் அவ்வளவு அக்கறை.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறியா?" என்று கேட்டாள் ஒடிலியா.

"தினமும் நர்ஸ் கண்ணு முன்னாடிதான் முழுங்குறேன். இனிமே என்கிட்டேருந்து யாருக்கும் ஒட்டாதாம். வேலைக்குப் போன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"சரி, உக்காரு. சுதந்திர நாள் அணிவகுப்புச் சட்டை மலையா குவிஞ்சு கெடக்கு. காலர் வைக்க உன்னை விட்டா ஆளில்ல. ஆனா ஒண்ணு, இனி எவளாவது இருமினா அன்னிக்கே கணக்கை முடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடணும். நீயா இருந்தாலும்தான். எனக்கும் பொழப்பு நடக்கணும்ல?"

தெல்ஃபினா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த நாற்காலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. நோயில் படுத்திருந்தபோது பிள்ளைகள் வெறும் உருளைக்கிழங்கைத் தின்று காலம் தள்ளியதை அவள் மறக்கவில்லை.

காலர் மடித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. துணி இருந்தால் மெஷின் அடக்கமாக ஓடும். இல்லாவிட்டால் தடதடவென்று அலறும். துணியே இல்லாமல் யாரோ பெடலை முழுசாக மிதிக்கிறாள். எதற்கென்று தெல்ஃபினாவுக்குத் தெரியும். அவளும் அப்படித்தான் அந்த இரைச்சலுக்குள் இருமி இருமி மறைத்தாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் நோய் முற்றும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

திரும்பிப் பார்த்தாள். எர்மெலிண்டா! கோப்பையில் கோடு போட்ட மகராசி. தோள்பட்டையில் வாயைப் புதைத்திருந்தாள், கண்ணில் நீர்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், நல்லா அனுபவி என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எர்மெலிண்டா தெருவில் நிற்பாள். அப்புறம்? மிச்சம் இருக்கிறவர்கள் இன்னும் ஆழமாகப் புதைத்து இருமுவார்கள். தெல்ஃபினா எழுந்து நின்றாள்.

"ஒடிலியாம்மா, இருமுறவளை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன்னு சொல்லுங்க. மருந்து சாப்பிட்டுக் குணமானதும் அவ இடம் அவளுக்கேன்னு சொல்லுங்க."

"வந்ததும் வராததுமா சட்டம் பேசுறியா? முடியாது. பிடிக்கலைன்னா கெளம்பு."

"கெளம்புறேன். காலரை நீங்களே வச்சுக்குங்க. அதுக்கு முன்னாடி யார் யாரை அனுப்பணும்னு நீங்களே காதால கேட்டுக்குங்க."

கதவோரம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள். எல்லா மெஷின்களும் ஒரே மூச்சில் நின்றன. அந்த அறையில் பகல் நேரத்தில் அப்படியொரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை.

எர்மெலிண்டா உதட்டைக் கடித்தாள். எவ்வளவு நேரம் அடக்குவாள்? பொத்துக்கொண்டு வந்தது. அவள் முடிப்பதற்குள் மூலையிலிருந்து இன்னொருத்தி. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினிலிருந்து இன்னொருத்தி, கழுத்துத் துணியைச் சுருட்டி வாயில் வைத்தபடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"போங்கடி," என்றாள் ஒடிலியா. "மூணு பேரும் இப்பவே..."

வெட்டு மேசையிலிருந்து நாலாவது இருமல் கிளம்பியது. ஆழமான, நிற்காத இருமல். கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு இருமிய ஆள் தெயோஃபிலோ, ஒடிலியாவின் புருஷன்.

இதைத் தெல்ஃபினா எதிர்பார்க்கவில்லை. அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒடிலியா புருஷனிடம் போனாள். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"இவரையும் அனுப்பட்டுமா?" என்று யாரிடமோ கேட்டாள். பிறகு தெல்ஃபினா பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரியில முதல்ல யாரைப் பாக்கணும்? நீ கூட வருவியா?"

"வரேம்மா. எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன். ஆனா இங்கே காத்து வரணும்மா, அடைச்ச அறையிலதான் இது பரவும்னு டாக்டர் சொன்னாரு."

ஒடிலியா தலையாட்டினாள். நேராகச் சன்னலிடம் போய் மேல் வரிசைத் துணிக் கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தனியாக முடியவில்லை.

"பாத்துக்கிட்டே நிக்காதீங்க," என்றாள். "வந்து ஒரு கை பிடிங்க."