வரிசைக் கடைசியில் ஒரு பெஞ்சு

மாசி பிறந்தால் இன்றும் முதுகுளத்தூர்ப் பக்கத்து எங்கள் கருப்பசாமி கோயிலின் கிடாக்கறி வாசமும், என்னைப் பெற்ற அய்யாவின் நினைப்பும் சேர்ந்தே வருகின்றன.

2005 மாசிக் களரித் திருவிழாவுக்கு அய்யா ஊன்றுகோலோடு வந்தார். முந்தைய ஆண்டு வைத்த செயற்கை இடுப்பு மூட்டில் சீழ் பிடித்து, மதுரை டாக்டர் அதை எடுத்துவிட்டார். கிருமி மருந்து கலந்த சிமெண்டில் செய்த தற்காலிக மூட்டுதான் உள்ளே இருந்தது. "சீழ் அடங்குனதும் நிரந்தரமா வச்சிரலாம். அதுவரை சம்மணம் போட்றாதீங்க" என்று பலமுறை சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் கோயிலில் பங்காளிகள் மணலில் வரிசையாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். சாமிக்கு முன்னால் யாரும் உயரத்தில் உட்காருவதில்லை. நான் போட்ட நாற்காலியை அய்யா பார்க்கவேயில்லை.

"டாக்டரு சொன்னது மறந்துபோச்சாய்யா?"

"டாக்டருக்குக் கருப்பனத் தெரியாது. ஒரு வாய் தின்னுட்டு எந்திரிச்சிர்றேன்."

காலை மடக்கினார். இலையில் சோறு விழுமுன் இடுப்பில் ஏதோ நழுவிய சத்தம் எனக்கே கேட்டது. அய்யாவின் முகம் வெளுத்துவிட்டது.

சிமெண்டு உருண்டை குழியை விட்டு விலகியிருந்தது. மறுபடி திறந்து வேறொன்று வைத்தார்கள். நிரந்தர மூட்டு தள்ளிப்போனது. அதை வைத்த பிறகும் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது அய்யா கேட்டது ஒன்றுதான்: "அப்ப பந்தியில நான் எங்கன உக்காருவேன்?"

அடுத்த மாசியில் புது மூட்டோடு கைத்தடி ஊன்றி நடந்தே வந்தார். ஆனால் பந்தி தொடங்கியதும் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார். விபூதியோடு திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். அப்போது பங்காளி பால்சாமி சித்தப்பா தன் வீட்டு பெஞ்சைத் தோளில் சுமந்துவந்து வரிசைக் கடைசியில் போட்டார்.

"வாண்ணே. எனக்கும் முட்டி மடங்க மாட்டேங்குது. தனியா மேல உக்கார வெக்கமாருக்கு."

"ஏலே, ஒனக்கு என்னைக்கு முட்டி வலிச்சுச்சு?"

"இன்னைக்குத்தான்."

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் பெஞ்சுக்கும் சேர்த்து விபூதி தூவிவிட்டு, "எலையப் போடுங்கப்பா" என்றார்.

தட்டில் இலை போட்டு மடியில் வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிட்டார்கள். அய்யா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

பந்தி முடிந்து புறப்படும்போது, அடிகுழாய் ஓரம் சித்தப்பா முட்டியை மடக்கிக் குத்தவைத்து உட்கார்ந்து அண்டா கழுவிக்கொண்டிருந்தார். அய்யா அதைப் பார்த்தார். கோயில் பக்கம் திரும்பி, நின்றபடியே கும்பிட்டார்.

அய்யா இப்போது இல்லை. பெஞ்சு கோயிலிலேயே கிடக்கிறது. முட்டி வலிக்கிறவர்கள் யாரையும் கேட்காமல் அதில் உட்காருகிறார்கள்.