பாத்தியில் வைத்த கால்

மரக்காணம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெஸ்வின் நடத்திய பிரௌசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. நெட் இருக்கும்போது கரண்ட் இருக்காது, கரண்ட் இருக்கும்போது நெட் வராது, இரண்டும் சேர்ந்து வந்த வேளையில் பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட கடையில் 2006ஆம் வருஷம் தினமும் வெயில் ஏறும் முன்பே கூட்டம் நெரிந்தது என்றால் அதற்கு ஒரே காரணம் அவன் தங்கை ஆன்மேரி. அவள் ஒரு பூனையைத் தொலைத்திருந்தாள்.

பூனைக்குப் பெயர் சோடா. கோலி சோடா பாட்டிலின் நிறத்தில் கண்கள். உடம்பெல்லாம் வெள்ளை, வலது காது மட்டும் கறுப்பு, வால் நுனியில் ஒரு மடிப்பு. சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு டைல்ஸ் போட வந்தவர்கள் கல் அறுக்கும் மெஷினை ஓட்டினார்கள். வயிற்றில் குட்டியோடு சுவரேறிக் குதித்துப் போன சோடா, போனது போனதுதான்.

ஆன்மேரி ஊரெல்லாம் தேடினாள். அப்பாவின் உப்பளத்து வரப்புகளில் நடந்து நடந்து கூப்பிட்டாள். மீன் மார்க்கெட்டில் விசாரித்தாள். கடைசியில் போட்டோ போட்டு "காணவில்லை" என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினாள். ஊர் சிரித்தது. "மாடு காணோம்னா சரி, பூனைக்கு நோட்டீஸா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். எவனோ ஒருவன் பூனைக்கு இருக்கிற மீசை போதாதென்று பேனாவால் இன்னொரு மீசை வரைந்துவிட்டுப் போனான்.

ஜெஸ்வினுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கவலை வேறு. எம்.சி.ஏ. முடித்த ஆன்மேரிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. ஒரு தடவை தேதியைத் தள்ளிப்போட்டாகிவிட்டது. ஈஸ்டர் முடிந்த வாரம் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனிக்காரர்கள் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இவளோ அசையவில்லை.

"பூனைக்காக ஒருத்தி வேலையை உட்டான்னு சொன்னா எவனாவது நம்புவானா மேரி?"

"வேலையை உடறேன்னு யாருண்ணா சொன்னா? சோடாவைப் பாத்துட்டுப் போறேன்னுதான் சொல்றேன். படிக்கும்போது எத்தினி ராத்திரி என் கீபோர்டு பக்கத்துலயே படுத்துருந்துச்சு! அது குட்டி போட்டுச்சா, செத்துச்சான்னு தெரியாம அங்க ஏசி ரூம்ல உக்காந்து நான் என்னத்தைத் தட்டறது?"

அவள் பிடிவாதம் அவனுக்குத் தெரியும். முருங்கைக்காய் பிடிக்காது என்று பள்ளிக்கூடம் போகும் வயதில் சொன்னவள் இன்றுவரை அதைத் தொடவில்லை. அதனால் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுக்கப் போனான்.

"நோட்டீஸை எவன் நின்னு பாக்கறான்? அரை மணி நேரம் கண்ணை எடுக்காம பாக்கற மாதிரி ஒண்ணு செய்யறேன்" என்றாள் ஒருநாள். கடையின் மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டாள். தவக்காலத்தில் மற்றவர்கள் கறியை விட்டார்கள், இவள் தூக்கத்தை விட்டாள். பாதி தவக்காலம் போவதற்குள் ஆறு கம்ப்யூட்டரிலும் "சோடா எங்கே?" என்று ஒரு விளையாட்டு ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஜெஸ்வின் முதன்முதலில் அதை ஆடியபோது டீ ஆறிப்போனது. திரையில் மரக்காணம் அப்படியே இருந்தது. பஸ் நிலையம், சர்ச், ஓடை, அதற்குப் பிறகு வானம் வரைக்கும் உப்பளம். பாவாடை கட்டிய ஒரு பெண் பூனையைத் தேடிப் புறப்படுகிறாள். நாம் கிளிக் செய்யும் இடத்துக்கு அவள் நடந்து போவாள். டீக்கடை நாய் வழியை மறித்தால் அதற்குப் பன் வாங்கிப் போட வேண்டும், பன் வாங்க வேண்டுமென்றால் டீக்கடைக்காரரின் தொலைந்த மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடிக்க வேண்டும், அது அவர் தலைமேலேயே இருக்கும். மோட்டார் கொட்டகைக்குள் போக மடையைத் திறந்து வாய்க்காலில் நீரை ஏற்றினால் ஒரு பலகை மிதந்து வந்து பாலமாகும். உப்புத் தண்ணீரில் மிதித்த பூனையின் கால் தடம் வரப்பில் காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எல்லா இடமும் தேடிக் களைத்து வீட்டுக்கு வந்தால் டிவி பெட்டியின் மேல் சோடா உட்கார்ந்து கொட்டாவி விடும்.

"ஏய், இதை நீயா செஞ்சே?" என்று கேட்டான்.

"பின்னே, உன் பிரிண்டரா செஞ்சுது?"

கூடப் பிறந்தவளைப் பாராட்ட யாருக்குத்தான் வாய் வரும்? அவனுக்கும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க, கடைக்கு வந்த ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்து, "எந்தங்கச்சி செஞ்சது" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

ஊரே அந்த விளையாட்டில் விழுந்தது. ஹால் டிக்கெட் எடுக்க வந்தவர்கள், பத்திர ஆபீஸ் போக வந்தவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், தவறவிடாதவர்கள் எல்லோரும் சோடாவைத் தேடினார்கள். ஆன்மேரி நினைத்ததும் நடந்தது. கறுப்புக் காது, மடிந்த வால் என்று பூனையின் அங்க அடையாளம் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். எக்கியார்குப்பத்திலிருந்து ஒருவர் மீன் கூடையில் ஒரு பூனையைப் போட்டுக்கொண்டு வந்தார். கீழ்புத்துப்பட்டிலிருந்து சைக்கிள் கேரியரில் ஒன்று வந்தது. சுற்றுவட்டாரத்து வெள்ளைப் பூனையெல்லாம் கடை வாசலுக்கு வந்து போயின, சோடாவைத் தவிர. ஈஸ்டரும் கிட்டத்தில் வந்துவிட்டது. ஆன்மேரி இன்னும் பெட்டி கட்டவில்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் பஞ்சநாதன் என்ற லாரி டிரைவர் கடைக்கு வந்தார். அரூர்க்காரர், உப்பு ஏற்றிப் போக முதல் தடவையாக இந்தப் பக்கம் வந்தவர். லோடு ஏற நேரமாகும் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். நாய்க்குப் பன் போட்டார், மடையைத் திறந்தார், பலகையில் ஏறினார். பிறகு திடீரென்று, "தம்பி, உங்க பொட்டி நின்னுபோச்சுங்க" என்று கூப்பிட்டார்.

ஜெஸ்வின் போய்ப் பார்த்தான். திரையில் அந்தப் பெண் வரப்பின் விளிம்பில் உறைந்து நின்றாள். மவுஸ் நகரவில்லை. இத்தனை நாளில் இத்தனை பேர் ஆடி ஒரு தடவைகூட நிற்காத விளையாட்டு. மூலையிலிருந்து ஆன்மேரி எழுந்து வந்தாள்.

"எங்கங்க கிளிக் பண்ணீங்க?"

"இங்கதாங்க" என்று டிரைவர் திரையில் விரலை வைத்தார். உப்புப் பாத்தியின் நட்டநடுவில்.

ஜெஸ்வின் சிரித்துவிட்டான். "பாத்தில எல்லாம் காலை வைக்கக் கூடாதுங்க."

உப்பளத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரியும் முன்பே தெரிகிற சங்கதி அது. பாத்தியின் தரையைக் களிமண் போட்டு, வரிசையாக நின்று மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தித்தான் உப்புத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். தண்ணீர் நிற்கும் பாத்தியில் கண்டவன் காலை வைத்தால் அடிச்சேறு கிளம்பி, வெள்ளை உப்பு பழுப்பாகப் போகும். பந்து விழுந்தாலும் சரி, பணம் விழுந்தாலும் சரி, வரப்பில் நின்று, உப்பு வாரும் நீளப் பிடி போட்ட வாருபலகையால்தான் இழுப்பார்கள். அதனால்தான் இந்த ஊரில் ஒருத்தருக்கும் பாத்தியின் மேல் கிளிக் செய்யக் கை வரவில்லை. ஆன்மேரிக்கும் அதற்கு எழுதத் தோன்றவில்லை. எங்கே கிளிக் செய்தாலும் வரப்பு வழியாகப் பாதை தேடு என்று எழுதியிருந்தாள். எந்த வரப்பும் போகாத இடத்துக்குப் பாதை தேடித் தேடி விளையாட்டு மூச்சு முட்டி நின்றுவிட்டது.

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றார் டிரைவர். "அதோ அங்க கீத்து போட்டு மூடின குவியல் ஒண்ணு தெரியுது பாருங்க, அதுக்குள்ள பாக்கலாம்னு போனேன். குட்டி போடற பூனை அப்படி எடமாத்தான தேடும்? காணாமப் போனது பூனை, பாத்தியைப் பாத்துக்கிட்டு நின்னா கெடைக்குங்களா?"

டிரைவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிட்டதாக நினைக்கவில்லை. மணி பார்த்துவிட்டு, அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறி உட்கார்ந்துகொண்டார். ஆன்மேரி மட்டும் அந்த உறைந்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, அந்தக் குவியல்ல நாம பாத்தோமா?"

"அதுக்கு வழி ஏது மேரி?" என்று சொன்ன பிறகுதான் ஜெஸ்வினுக்கு உறைத்தது. விளையாட்டு எந்த இடத்தில் நின்றதோ, அதே இடத்தில்தான் அவனும் நின்றான்.

அது நிஜமாகவே உள்ள குவியல். சுனாமியன்று கடல் வந்து கடைசி வரப்பை அடித்துக்கொண்டு போனபோது, சேறு கலந்து விலைபோகாமல் நின்ற உப்பு. மேலே போட்ட கீற்றோடு அப்படியே விட்டுவிட்டார்கள். பின்பக்கம் ஓடைச் சேறு, முன்பக்கம் அப்பா இந்த வருஷம் புதிதாகப் போட்ட பெரிய பாத்தி. ஆன்மேரி அதைப் பார்த்தது பார்த்தபடி வரைந்திருந்தாள். வரப்பில் நின்று எத்தனையோ தடவை அந்தத் திசையில் கூப்பிட்டும் இருந்தாள்.

இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார்கள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அப்பா இருதயநாதன் வரப்பில் குடையோடு நின்றார். அவர் சர்ச் வாசலில் செருப்பைக் கழற்ற மறந்தாலும் மறப்பார், உப்பளத்தில் மறக்கமாட்டார். கடல் நாசம் செய்த இடத்தை ஒரு வருஷம் சும்மா போட்டுவைத்துவிட்டு, இந்தத் தை மாதம்தான் ஆட்களோடு தானும் இறங்கி மிதித்து அந்தப் பாத்தியைப் போட்டிருந்தார். முதல் உப்பு அப்போதுதான் பூத்திருந்தது. பார்க்கவே கண் கூசியது. மகளுடைய விளையாட்டை அவர் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. படித்த பெண் பொம்மை வரைந்து பொழுதைக் கழிக்கிறாள் என்பது அவர் எண்ணம்.

ஆன்மேரி டிரைவர் சொன்னதைச் சொன்னாள். இறங்கட்டுமா என்று கேட்கவில்லை. அதை எப்படிக் கேட்பது? விஷயம் புரிந்ததும், பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பக்கிரிதான் பதறினார்.

"இன்னா பாப்பா பேசறே! மொத உப்பே இன்னும் வாரல. இப்போ கால் வெச்சா வருசம் பூரா இந்தப் பாத்தி நாறிப்போவும்."

"தெரியும் பக்கிரிண்ணா" என்றாள் ஆன்மேரி. கண் கலங்கிவிட்டது. "சீசன் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

இருதயநாதன் மகளைப் பார்த்தார். "அதுவரைக்கும் நீ பெங்களூருக்குப் போவப்போறதில்ல?"

அவள் குவியல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, அது அவருக்கும் தெரியும்.

இருதயநாதன் குடையை மடக்கி ஜெஸ்வின் கையில் கொடுத்தார். வேட்டியைத் தொடைவரை தூக்கிக் கட்டினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்பா! வேணாம்பா!" என்று ஆன்மேரி கத்தினாள்.

அவர் காலைப் பாத்திக்குள் வைத்துவிட்டார்.

பூத்த உப்பு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பக்கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துப் பாத்திகளில் வேலை செய்தவர்கள் வாருபலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாராவது ஒரு பிள்ளையின் கால் பாத்திக்குள் வழுக்கினாலும் ஊரைக் கூட்டுகிற மனுஷன், தன் பாத்தியில் தானே நடந்து போனார். வெள்ளையில் அவர் வைத்த ஒவ்வொரு அடியிலும் கறுப்புச் சேறு கிளம்பி நின்றது. இந்த மனுஷனை இத்தனை நாள் வெறும் உப்புக்காரர் என்று நினைத்துவிட்டோமே என்று ஜெஸ்வினுக்கு இருந்தது.

அவர் குவியலின் கீற்றை விலக்கிக் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு, "அடியே திருட்டுச் சிறுக்கி!" என்று ஒரு குரல் வந்தது. அது யாரைப் பார்த்துச் சொன்னது என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆன்மேரி வரப்பிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

திரும்பி வந்தபோது அவர் தோள் துண்டு மூட்டையாகியிருந்தது. அதற்குள் மூன்று குட்டிகள். கக்கத்தில் சோடா, அவர் கையைப் பிறாண்டிக்கொண்டே வந்தது. ஓடைப் பக்கம் மீன் கிடைத்திருக்கும்போல, உடம்பு ஒன்றும் இளைக்கவில்லை. ஜெஸ்வின் கவனித்தது வேறு. போகும்போது வைத்த அதே அடிகளில், ஒன்றுகூடத் தப்பாமல் கால் வைத்து அப்பா திரும்பி வந்தார். புதிதாக ஒரு தடம்கூட விழவில்லை. இறங்கியது மகளுக்காக, திரும்பிய நடை உப்புக்காரருடையது.

வரப்பேறி, பூனையை மகள் மடியில் போட்டார். "வழியில்லேன்னு உன் கேமு நின்னுபோச்சாமே? போறதுக்கு முன்ன அதுல வழி வெச்சுட்டுப் போ."

ஆன்மேரி வைத்துவிட்டுத்தான் போனாள். ஈஸ்டர் முடிந்து பெங்களூர் பஸ் ஏறும் நாள் காலை வரைக்கும் உட்கார்ந்து மாற்றினாள். என்ன மாற்றினாள் என்று ஜெஸ்வினிடம் சொல்லவில்லை. அவளை ஏற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம் அப்பா முதல்முதலாகக் கடைக்குள் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க, அது இன்னான்னு காட்டு."

ஜெஸ்வின் திறந்து கொடுத்து, மவுஸில் அவர் கையைப் பிடித்து வைத்தான். அவர் நாயையும் பன்னையும் கண்டுகொள்ளவில்லை. நேராக உப்பளத்துக்குப் போய்ப் பாத்தியின் நடுவில் அமுக்கினார். இந்தத் தடவை விளையாட்டு நிற்கவில்லை. அந்தப் பெண் வரப்பிலேயே நின்றுகொண்டு, ஆன்மேரியின் சொந்தக் குரலில், "அப்பா!" என்று கூப்பிட்டாள். வேட்டியைத் தூக்கிக் கட்டிய ஓர் ஆள் திரைக்குள் வந்து பாத்தியில் இறங்கினார்.

"வேட்டியை இன்னும் கொஞ்சம் மேல கட்டச் சொல்லு, நனையுது பார்" என்றார் இருதயநாதன்.

திரையில் அந்த ஆள் பூனையோடு திரும்பி வந்ததும் விளையாட்டு முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. முதலிலிருந்து போடச் சொன்னார். மறுபடியும் நேராகப் பாத்தியில் அமுக்கினார். "அப்பா!" என்றது குரல். மறுபடியும் போடச் சொன்னார்.

கடை அடைக்கும் நேரம் தாண்டியும் ஜெஸ்வின் விளக்கை அணைக்கவில்லை. பூனையைத் தேடும் எண்ணம் அப்பாவுக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரியும். மகள் கூப்பிடுவதைக் கேட்கத்தான் அவர் அந்தப் பாத்தியில் மறுபடி மறுபடி காலை வைத்துக்கொண்டிருந்தார்.